ராப்பிட் வியன்னா கால்பந்துக் கிளப்பின் வரலாறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரோப்பியக் கால்பந்தைத் தொடர்ந்து பார்க்கும் தமிழ் நண்பர்களிடையே ஆஸ்திரியாவைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், ராப்பிட் கிளப்பைக் குறித்து ஏறத்தாழ ஒரே மாதிரியான ஐயங்கள் எழுவதைக் கவனித்திருக்கிறேன். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலிலும், விவாதத்துக்குரியவை பின்னாலும் வருகின்றன.

ராப்பிட் வியன்னாவும் ஆஸ்திரியா வியன்னாவும் ஒரே அணிதானே?

இல்லை. இரண்டும் வியன்னா நகரத்தின் அணிகள். ஒன்றுக்கொன்று பரம எதிரிகள். ராப்பிட் பச்சை-வெள்ளை அணி. நகரின் மேற்கு எல்லையில் உள்ள ஹூட்டெல்டோர்ஃப் பகுதிதான் அதன் வீடு. ஆஸ்திரியா வியன்னா ஊதா நிற அணி; நகரின் தெற்கே ஃபாவரிட்டன் வட்டாரத்தில் ஆடுகிறது. ராப்பிட் தொழிலாளர் குடியிருப்புகளிலிருந்து எழுந்தது என்றும், ஆஸ்திரியா வியன்னா காப்பிக்கடைகளில் கூடிய நடுத்தர வர்க்கத்தினரின் அணி என்றும் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வருகிறது. இன்றைய ரசிகர்களை அப்படிப் பிரித்துவிட முடியாது என்றாலும், அந்தப் பழைய அடையாளத்தை இரு தரப்பும் இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

இரு அணிகளும் முதன்முதலில் 1911 செப்டம்பரில் மோதின. ராப்பிட் 4–1 என வென்றது. அதன்பின் 300-க்கும் அதிகமான முறை மோதியிருக்கின்றன. ஐரோப்பாவில் ஒரே நகரத்து அணிகள் இத்தனை முறை மோதிய போட்டிகள் மிகச் சிலவே.

கிளப்பை எப்போது, யார் தொடங்கினார்கள்?

1890-களின் இறுதியில் வியன்னாவின் தொழிலாளர்கள் சிலர் 'முதலாவது வியன்னா தொழிலாளர் கால்பந்துக் கழகம்' என்ற பெயரில் ஓர் அணியைத் தொடங்கினார்கள். வியன்னாவில் அப்போது கால்பந்து என்பது பெரும்பாலும் அங்கே வேலை பார்த்த ஆங்கிலேயர்களும் வசதி படைத்த உள்ளூர் இளைஞர்களும் ஆடிய விளையாட்டு. தொழிலாளர்கள் தங்கள் அடையாளத்தைப் பெயரிலேயே வைத்துக்கொண்டு களத்தில் இறங்கியது அந்தக் காலத்தில் சாதாரணச் செய்தி அல்ல.

1899 ஜனவரி 8 அன்று அந்தக் கழகம் 'ஸ்போர்ட்கிளப் ராப்பிட்' என்று பெயர் மாறியது. இந்த நாளையே கிளப் தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது. புதிய பெயரை முன்மொழிந்தவர் கழகத்தின் செயலாளர் வில்ஹெல்ம் கோல்ட்ஷ்மிட். பெர்லினில் அதே பெயரில் இருந்த ஓர் அணியைப் பார்த்து இந்தப் பெயரை எடுத்ததாகச் சொல்லப்படுகிறது. இவரது பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மீண்டும் வரும்.

பச்சை-வெள்ளை அணி சில ஆட்டங்களில் சிவப்பு-நீலத்தில் இறங்குகிறதே, ஏன்?

சிவப்பும் நீலமும்தான் கிளப்பின் முதல் நிறங்கள். பச்சை-வெள்ளை சில ஆண்டுகள் கழித்து, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது. பழைய நிறங்களைக் கிளப் கைவிடவில்லை. மாற்றுச் சீருடையில் அவை அடிக்கடி திரும்பி வருகின்றன.

மொத்தம் எத்தனை பட்டங்கள் வென்றிருக்கிறது?

லீக் பட்டங்கள் 32. ஆஸ்திரியாவில் வேறெந்த அணியும் இந்த எண்ணிக்கையை எட்டவில்லை. ஆஸ்திரியக் கோப்பையை 14 முறை வென்றிருக்கிறது. இரு போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் மத்திய ஐரோப்பாவின் பெரும் போட்டியாக இருந்த மித்ரோப்பா கோப்பையை 1930-இல் வென்றது.

1911–12 பருவத்தில் நடந்த முதல் லீக் போட்டியிலேயே ராப்பிட் சாம்பியன். அந்தப் பருவம் முதல் 1923 வரையிலான 12 பருவங்களில் 8 பட்டங்கள் அதற்கே கிடைத்தன. அந்த அணியை உருவாக்கியவர் டியோனிஸ் ஷோனெக்கர். 1910-ஆம் ஆண்டு வாக்கில் கால்பந்துப் பிரிவின் பொறுப்பை ஏற்ற அவர், அழகாக ஆடுவதைவிடக் கடைசி விசில் வரை போராடுவதே ராப்பிட் வீரனின் கடமை என்ற பண்பை அணிக்குள் ஊன்றினார். அன்றைய வியன்னாவில் நுணுக்கமான குறும்பாஸ் ஆட்டத்துக்கே மதிப்பு அதிகம் என்பதால், ராப்பிட்டின் முரட்டு உழைப்பு தனித்துத் தெரிந்தது.

ஆட்டத்தின் 75-ஆவது நிமிடத்தில் ரசிகர்கள் எல்லோரும் கைதட்டத் தொடங்குகிறார்களே, அது என்ன சடங்கு?

அதற்கு 'ராப்பிட் கால்மணி' என்று பெயர். கடைசிக் கால் மணி நேரம் தொடங்கியதும், அணி முன்னிலையில் இருந்தாலும் பின்தங்கியிருந்தாலும், அரங்கம் முழுவதும் ஒரே தாளத்தில் கைதட்டும். நூறாண்டுக்கும் மேற்பட்ட வழக்கம் இது. தோற்கும் நிலையிலிருந்து கடைசி நேரத்தில் மீண்டு வெல்வது ராப்பிட்டின் இயல்பு என்ற நம்பிக்கை அக்காலத்திலேயே வேரூன்றிவிட்டது.

அந்த நம்பிக்கைக்கு உரமிட்டவர்களில் முதன்மையானவர் ஜோசஃப் உரிடில். எதிரணியின் தற்காப்பை உடம்பாலேயே உடைத்துக்கொண்டு போவார் என்பதால் அவரை 'டாங்கி' என்று அழைத்தார்கள். 1921-இல் வியன்னாவின் டபிள்யூஏசி அணிக்கு எதிராக ராப்பிட் 1–5 எனப் பின்தங்கியிருந்து 7–5 என வென்றது. ராப்பிட்டின் ஏழு கோல்களையும் அடித்தவர் உரிடில் ஒருவரே. அவரைப் பற்றிப் பாட்டு கட்டி வியன்னாவே பாடும் அளவுக்கு அவர் புகழ் பரவியது. ஆஸ்திரியாவில் ஒரு கால்பந்து வீரர் திரை நட்சத்திரத்துக்கு இணையாகக் கொண்டாடப்பட்டது அப்போதுதான் தொடங்கியது என்பது என் கருத்து.

மைதானத்தின் பெயர் ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு விதமாக இருக்கிறதே? எது சரி?

எல்லாமே சரி, காலம்தான் வேறு. 1912 முதல் 1970-களின் பிற்பகுதி வரை ராப்பிட் ஆடியது ஹூட்டெல்டோர்ஃபில் இருந்த ஃபார்வீஸ மைதானத்தில். 1977-இல் அதற்கு அருகிலேயே வெஸ்ட்ஸ்டேடியம் திறக்கப்பட்டது. மே 10 அன்று நடந்த முதல் ஆட்டத்தில் ஆஸ்திரியா வியன்னாவை ராப்பிட் 1–0 என வென்றது. கட்டுமானக் குறைகளால் புதிய அரங்கம் சிறிது காலம் மூடப்பட்டதால், அணி பழைய மைதானத்துக்குத் திரும்பிச் சில ஆட்டங்கள் ஆட நேர்ந்தது.

அந்த வெஸ்ட்ஸ்டேடியத்தை வடிவமைத்த கட்டடக் கலைஞர் கெர்ஹார்ட் ஹானப்பி. 1950 முதல் ராப்பிட்டுக்கு ஆடி, ஆஸ்திரியாவுக்காக 93 ஆட்டங்களில் களமிறங்கிய அதே ஹானப்பிதான். எந்த இடத்தில் நிறுத்தினாலும் ஆடக்கூடிய அபூர்வ வீரரான அவர், கால்பந்து ஆடிக்கொண்டே கட்டடக் கலை படித்தார். ஓய்வுக்குப் பின் தன் கிளப்புக்கே அரங்கம் கட்டிக் கொடுத்தார். 1980-இல், 51-ஆவது வயதில், புற்றுநோயால் அவர் இறந்தபின் அரங்கத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது. தான் வரைந்த அரங்கம் தன் பெயரையே தாங்கும் பெருமை வேறு எந்தக் கால்பந்து வீரருக்காவது வாய்த்திருக்குமா என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன்.

ஹானப்பி அரங்கம் 2014-இல் விடைபெற்றது. அதே நிலத்தில், ஆடுகளத்தின் திசையை 90 பாகை திருப்பி, புதிய அலியான்ஸ் ஸ்டேடியம் கட்டப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் அணி நகரின் பெரிய அரங்கமான எர்ன்ஸ்ட் ஹாப்பல் ஸ்டேடியத்தில் ஆடியது. 2016 ஜூலை 16 அன்று செல்சி அணியை 2–0 என வென்று புதிய அரங்கம் திறக்கப்பட்டது. அங்கே முதல் கோல் அடித்தவர், பின்னாளில் இங்கிலாந்தின் நியூகாசில் அணியில் புகழ்பெற்ற பிரேசில் வீரர் ஜோலின்டன்.

ரியல் மாட்ரிட்டையே ராப்பிட் தோற்கடித்திருக்கிறது என்கிறார்களே, உண்மையா?

உண்மை. ஆனால் இரண்டு வேறு காலத்துச் செய்திகளைப் பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். முதலாவது 1956-இல் நடந்தது. ஐரோப்பியக் கோப்பையை முதன்முதலாக வென்ற ரியல் மாட்ரிட்டை மறுபருவத்தில் ராப்பிட் சந்தித்தது. மாட்ரிட்டில் 2–4 எனத் தோற்றபின், வியன்னாவில் 3–1 என வென்றது. மூன்று கோல்களையும் அடித்தவர் எர்ன்ஸ்ட் ஹாப்பல். அவர் முன்கள வீரர் அல்லர், தற்காப்பு வீரர் என்பதைச் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த இரவின் அருமை புரியும்.

மொத்தக் கணக்கு 5–5 என்று சமமானது. பின்னாளில் வந்த வெளியூர் கோல் விதி (மொத்தக் கணக்கு சமமானால் வெளியூரில் அதிக கோல் அடித்த அணிக்கே வெற்றி) அன்று இருந்திருந்தால், மாட்ரிட்டில் இரண்டு கோல் அடித்திருந்த ராப்பிட் அப்போதே அடுத்த சுற்றுக்குப் போயிருக்கும். விதி இல்லாததால் மூன்றாவது ஆட்டம் ஒன்று வைக்கப்பட்டது. அதுவும் மாட்ரிட்டிலேயே நடந்தது. ரியல் 2–0 என வென்று, அந்தப் பருவத்தின் கோப்பையையும் தக்கவைத்துக்கொண்டது.

இரண்டாவது, 1968–69 பருவம். வியன்னாவில் ராப்பிட் 1–0 என வென்றது. மாட்ரிட்டில் 1–2 எனத் தோற்றது. இம்முறை வெளியூர் கோல் விதி நடைமுறையில் இருந்ததால், மாட்ரிட்டில் அடித்த அந்த ஒற்றைக் கோல் ராப்பிட்டைக் காலிறுதிக்குக் கொண்டுபோனது. அங்கே மான்செஸ்டர் யுனைடெட்டிடம் தோற்றது.

எர்ன்ஸ்ட் ஹாப்பல் என்றால் அந்தப் புகழ்பெற்ற பயிற்சியாளரா?

அவரேதான். 1970-இல் ஃபெயனூர்ட், 1983-இல் ஹாம்பர்க் என இரு வேறு அணிகளை ஐரோப்பியக் கோப்பைக்கு அழைத்துச் சென்றவர். அதற்கு முன் அவர் ராப்பிட்டின் வீரர். 1954 உலகக் கோப்பையில் மூன்றாமிடம் பிடித்த ஆஸ்திரிய அணியில் அவரும், ஹானப்பியும், அந்தப் போட்டியில் ஆறு கோல் அடித்த எரிக் ப்ரோப்ஸ்டும், கோர்னர் சகோதரர்களும் ராப்பிட்டிலிருந்து போனவர்கள். ஆஸ்திரியாவின் மிக உயர்ந்த உலகக் கோப்பைச் சாதனை இன்றுவரை அதுதான்.

பெனால்டியில் பந்தை மெல்லத் தூக்கிப் போட்ட பனேன்கா ராப்பிட்டிலும் ஆடினாரா?

ஆடினார். 1976 ஐரோப்பியச் சாம்பியன்ஷிப் இறுதியாட்டத்தில் அந்தப் பெனால்டியை அடித்த செக்கோஸ்லோவாக்கிய வீரர் அன்டோனின் பனேன்கா 1981-இல் ராப்பிட்டுக்கு வந்தார். பார்சிலோனாவுக்குச் சென்றிருந்த ஹான்ஸ் க்ராங்கலும் அதே ஆண்டு திரும்பி வந்தார். 1977–78 பருவத்தில் 41 கோல் அடித்து ஐரோப்பாவின் தங்கக் காலணி விருது பெற்றவர் அவர். 1968-க்குப் பிறகு 14 ஆண்டுகள் லீக் பட்டம் காணாதிருந்த ராப்பிட், இவர்கள் சேர்ந்தபின் 1982, 1983 என அடுத்தடுத்து இரண்டு பட்டங்களை வென்றது.

செல்டிக் ரசிகர்களுக்கு ராப்பிட் மீது இன்னும் கோபம் இருக்கிறதாமே? அப்படி என்ன நடந்தது?

1984-இல், ஐரோப்பிய நாடுகளின் கோப்பைகளை வென்ற அணிகள் மோதிய கப் வின்னர்ஸ் கோப்பையின் இரண்டாம் சுற்றில் நடந்தது. வியன்னாவில் ராப்பிட் 3–1 என வென்றது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் செல்டிக் 3–0 என முன்னிலையில் இருந்தபோது கூட்டத்திலிருந்து பொருள்கள் வீசப்பட்டன. ராப்பிட் வீரர் ருடால்ஃப் வைன்ஹோஃபர் தரையில் விழுந்தார். தலையில் பாட்டில் பட்டதாகச் சொல்லி, கட்டுடன் வெளியே அழைத்துச் செல்லப்பட்டார். தொலைக்காட்சிப் படங்களிலோ பாட்டில் அவர் மீது படாமல் விலகி விழுவதுதான் தெரிந்தது.

ஐரோப்பியக் கால்பந்துச் சங்கம் முதலில் இரு தரப்புக்கும் அபராதம் விதித்து, ஆட்டத்தின் முடிவை அப்படியே ஏற்றது. ராப்பிட் மேல்முறையீடு செய்தது. மேல்முறையீட்டுக் குழு ராப்பிட்டின் அபராதத்தைக் கூட்டியது. அதே வேளையில் ஆட்டத்தை கிளாஸ்கோவுக்கு வெளியே மீண்டும் நடத்தவும் உத்தரவிட்டது. டிசம்பர் 12 அன்று மான்செஸ்டரின் ஓல்ட் டிராஃபோர்டில் பீட்டர் பாக்குல்ட் அடித்த கோலால் ராப்பிட் 1–0 என வென்றது. அன்று மைதானத்துக்குள் புகுந்தவர்கள் ராப்பிட் வீரர்களைத் தாக்கியதும் நடந்தது.

பாட்டில் வீசியது குற்றம், வீரர்களைத் தாக்கியது அதைவிடப் பெரிய குற்றம். ஆயினும் 3–0 என்ற வெற்றி அந்த மேல்முறையீட்டால் பறிபோனது செல்டிக்குக்கு நேர்ந்த அநீதி என்றே நான் கருதுகிறேன். ராப்பிட்டை நேசிப்பவர்கள் இதை ஒப்புக்கொள்வதால் அவர்களுடைய நேசம் குறைந்துவிடாது.

அப்படி முன்னேறியும் ஐரோப்பியக் கோப்பை ஒன்றுகூடக் கிடைக்கவில்லையா?

கிடைக்கவில்லை; இரண்டு முறை கைக்கெட்டும் தொலைவில் நழுவியது. மேலே சொன்ன அதே பருவத்தின் காலிறுதியில் டைனமோ டிரெஸ்டனிடம் 0–3 எனத் தோற்று, வியன்னாவில் 5–0 என வென்று மீண்டது. இறுதியாட்டம் 1985 மே 15 அன்று ராட்டர்டாமில் நடந்தது. எவர்ட்டனிடம் 1–3 எனத் தோற்ற அந்த ஆட்டத்தில் ராப்பிட்டின் ஒரே கோலை அடித்தவர் க்ராங்கல்.

அதே கப் வின்னர்ஸ் கோப்பையில் அடுத்த வாய்ப்பு 1996-இல் வந்தது. 1990-களின் தொடக்கத்தில் கிளப்பின் பங்குகளைச் சந்தையில் விற்கும் முயற்சி தோல்வியடைந்து, கிளப்பே கடனில் மூழ்கும் நிலை வந்திருந்தது. அந்த நெருக்கடியிலிருந்து எழுந்த அணி, எர்ன்ஸ்ட் டோக்குப்பில் பயிற்சியில், ஸ்போர்ட்டிங் லிஸ்பன், டைனமோ மாஸ்கோ, ஃபெயனூர்ட் ஆகியோரைத் தாண்டி இறுதிக்கு வந்தது. பிரஸ்ஸல்ஸில் பாரிஸ் அணியின் ப்ரூனோ என்'கோட்டி அடித்த ஃப்ரீ கிக் கோலால் 0–1 எனத் தோற்றது. அதே பருவத்தில் 30-ஆவது லீக் பட்டம் கிடைத்தது ஆறுதல்.

இவ்வளவு பெரிய கிளப் 2008-க்குப் பிறகு ஏன் லீக் பட்டம் வெல்லவில்லை?

முதன்மையான காரணம் பணம். 2005-இல் ரெட் புல் நிறுவனம் சால்ஸ்பர்க் அணியை வாங்கியபின், ஆஸ்திரிய லீக்கில் மற்றவர்களால் ஈடுகொடுக்க முடியாத நிதி பலம் ஒரே அணியிடம் குவிந்தது. 2008-இல் ராப்பிட் சால்ஸ்பர்க்கிலேயே போய் 7–0 என வென்று, அந்த ஆண்டின் பட்டத்தையும் எடுத்தது. ஆனால் 2014 முதல் 2023 வரை தொடர்ச்சியாகப் பத்துப் பட்டங்கள் சால்ஸ்பர்க்குக்கே போயின. ராப்பிட் உறுப்பினர்களின் கிளப்பாகவே நீடிக்கிறது. அதன் விலையாகத்தான் இந்தப் பட்டமில்லா ஆண்டுகளைப் பார்க்கிறேன்.

பணத்தை மட்டுமே குறை சொல்லவும் முடியாது. ஸ்டுர்ம் கிராட்ஸ் 2024-இலும் 2025-இலும் சாம்பியன் ஆனது. திட்டமிட்டு அணியைக் கட்டினால் முடியும் என்பதற்கு அதுவே சான்று.

தொடக்கக் காலப் போட்டிகளில் வியன்னா அணிகள் மட்டும்தானே ஆடின? அந்தப் பட்டங்களை எப்படி ஆஸ்திரியப் பட்டம் என்பது?

கேள்வி நியாயமானது. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய லீக் கிட்டத்தட்ட முழுக்க வியன்னாவின் லீக்தான். நாடு தழுவிய லீக் 1949–50 பருவத்தில்தான் தொடங்கியது. வியன்னாவுக்கு வெளியிலிருந்து ஓர் அணி சாம்பியன் ஆனதே 1965-இல்தான்; அது லின்ஸ் நகரின் லாஸ்க் அணி.

ஆனாலும் அந்தப் பட்டங்களைத் தள்ளிவிட எனக்கு மனம் ஒப்பவில்லை. அன்றைய ஆஸ்திரியாவின் வலிமையான அணிகள் அனைத்தும் வியன்னாவில்தான் இருந்தன. 1924-இல் ஐரோப்பியக் கண்டத்தின் முதல் தொழில்முறை லீக் தொடங்கியதும் அங்கேதான். பின்னாளில் ப்ராகில் கோல் மழை பொழிந்த ஜோசஃப் பிசான் போன்றவர்கள் 1930-களில் ராப்பிட்டுக்காக ஆடியது அந்த லீக்கில்தான்.

ஆஸ்திரிய அணி எப்படி ஜெர்மனியின் சாம்பியன் ஆனது?

1938 மார்ச்சில் நாஜி ஜெர்மனி ஆஸ்திரியாவைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. தொழில்முறைக் கால்பந்து ஒழிக்கப்பட்டது. யூதர்களின் கிளப்பான ஹகோவா தடைசெய்யப்பட்டது. மற்ற அணிகள் ஜெர்மன் போட்டிகளில் சேர்க்கப்பட்டன. அந்தக் கட்டமைப்பில் ராப்பிட் முதலில் 1938-ஆம் ஆண்டுக்கான ஜெர்மன் கோப்பையை வென்றது.

1941 ஜூன் 22, ஞாயிற்றுக்கிழமை, பெர்லின் ஒலிம்பிக் அரங்கில் சாம்பியன்ஷிப் இறுதியாட்டம். எதிரணி ஷால்கே, 1939-இலும் 1940-இலும் சாம்பியன். 1939 இறுதியாட்டத்தில் வியன்னாவின் அட்மிரா அணியை அது 9–0 என நசுக்கியிருந்தது. இம்முறையும் இரண்டாம் பாதியில் ஷால்கே 3–0 என முன்னிலை பெற்றது. அதன்பின் ஷோர்ஸ் ஒரு கோல் அடித்தார். அடுத்த மூன்றையும் ஃப்ரான்ஸ் பின்டர் அடித்தார், அவற்றில் ஒன்று பெனால்டி. கால் மணி நேரத்துக்குள் ஆட்டம் 4–3 என்று புரண்டது. அன்று அதிகாலையில்தான் ஜெர்மானியப் படைகள் சோவியத் ஒன்றியத்துக்குள் நுழைந்திருந்தன.

ஷால்கேயைத் தோற்கடித்ததற்குத் தண்டனையாக வீரர்களைப் போர்முனைக்கு அனுப்பினார்களாமே?

வியன்னாவில் பல பத்தாண்டுகளாக இந்தக் கதை உலவுகிறது. நாஜிக் காலத்து ராப்பிட்டைப் பற்றி 2011-இல் வெளிவந்த விரிவான வரலாற்று ஆய்வு இதற்கு ஆதாரம் எதையும் காணவில்லை. போர் நீண்டபோது எல்லா அணிகளின் வீரர்களும் படைக்கு அழைக்கப்பட்டார்கள்.

கதை பிறந்த சூழல் புரிந்துகொள்ளக்கூடியதே. ஜெர்மன் அணிகள் மீது வியன்னா ரசிகர்களுக்கு இருந்த எரிச்சல் உண்மையானது. 1940 நவம்பரில் அட்மிராவும் ஷால்கேயும் வியன்னாவில் ஆடியபோது கலவரம் மூண்டு, நகரின் நாஜி ஆளுநரான ஷீராக்கின் காரே சேதப்படுத்தப்பட்டது. ஆனால் அரங்கத்தில் காட்டிய எரிச்சலை ஆட்சிக்கு எதிரான போராட்டமாக்கி, ராப்பிட்டை அதன் தியாகியாகக் காட்டுவது வரலாற்றுக்குச் செய்யும் நேர்மை ஆகாது. உண்மையில் பலியானவர்கள் கிளப்புக்குள்ளேயே இருந்தார்கள். கிளப்புக்குப் பெயர் கொடுத்தவர் என்று முன்பே குறிப்பிட்ட வில்ஹெல்ம் கோல்ட்ஷ்மிட் ஒரு யூதர். 1942-இல் அவர் வியன்னாவிலிருந்து போலந்தின் இஸ்பிட்சாவுக்கு நாடுகடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். பெர்லின் வெற்றியைப் பற்றி யார் பேசினாலும், அதற்கு மறுஆண்டு நடந்த இதையும் சேர்த்தே பேச வேண்டும்.

அப்படியானால் 32 பட்டங்களில் அந்த ஜெர்மன் பட்டமும் சேர்த்தியா?

இல்லை. ஆனால் 1940, 1941 ஆண்டுகளின் பட்டங்கள் இரண்டு அந்த 32-இல் உண்டு. இணைக்கப்பட்ட ஆஸ்திரியாவுக்குள் நடந்த வட்டார லீக்கின் பட்டங்கள் அவை. அதை வென்ற அணிதான் ஜெர்மன் சாம்பியன்ஷிப் சுற்றுக்குச் செல்லும். 1938 கோப்பையும் இவ்வாறே தனி. மேலே சொன்ன 14 ஆஸ்திரியக் கோப்பைகளில் அது சேராது.